குழுவில் சண்டை முற்றிவிட்டது: கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

களப்பணி_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். சமூகப் பணியில் முதுகலை படிக்கிறேன். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அங்கே ஒரு மகளிர் சுய உதவிக் குழுவோடு களப்பணி செய்கிறேன். குழுவில் 14 பேர். பனையோலைக் கொட்டான், அதாவது கூடை, முடைகிறார்கள். கல்யாண வீடுகளில் வெற்றிலை பாக்கும் பலகாரமும் வைத்துக் கொடுக்க ஆர்டர் வருகிறது.

நான் போன புதிதில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர் அக்கா தீர்மானத்தைப் படிப்பார், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். இவ்வளவு ஒற்றுமையான குழு கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

பெரிய ஆர்டர் ஒன்று முடிந்து பணம் வந்த பிறகு நிலைமை தலைகீழ். "அவளுக்கு மட்டும் ஏன் கூட?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "சாயம் காய்ச்சினது நான், அதுக்குக் கூலி எங்கே?" என்றார். ஊக்குநர் அக்கா கோபத்தில் நோட்டைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, "இனி நீங்களே எழுதுங்க" என்று உள்ளே போய்விட்டார். அடுத்த கூட்டத்திலிருந்து இரண்டு பேர் வருவதில்லை. வந்தவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், எல்லாவற்றையும் என்னிடமே சொல்கிறார்கள்.

என் மேற்பார்வையாளர், ஒத்துப்போகிறவர்களை மட்டும் வைத்துப் புதுக் குழு அமைக்கலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள், கலைப்பதா, காத்திருப்பதா?

---

நடைவண்டி

தங்கச்சி, கலைக்காதீர்கள். ஒத்துப்போகிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் பழைய அமைதி திரும்ப வரும். அந்த அமைதிதான் இந்தச் சண்டையை வளர்த்து வைத்திருந்தது.

குழுக்கள் வளரும் கட்டங்களைப் பற்றி உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இல் எழுதிய கட்டுரையைப் படித்திருப்பீர்கள். குழு கூடும், மோதும், தங்களுக்குள் ஒரு நடைமுறையை வகுத்துக்கொள்ளும், பிறகுதான் வேலையில் இறங்கும் என்றார். கலையும் கட்டத்தை 1977இல் மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து ஐந்தாவதாகச் சேர்த்தார். உங்கள் குழு இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது என்று யாராவது உடனே சொல்லிவிடுவார்கள். நான் அவ்வளவு வேகமாகச் சொல்ல மாட்டேன். டக்மன் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிகிச்சைக் குழுக்களும் பயிற்சிக் குழுக்களும். முன்பின் தெரியாதவர்கள் ஓர் அறையில் முதல்முறை சந்திக்கும் குழுக்கள் அவை. நம் கிராமத்தில் அப்படியா? இந்த 14 பேரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள். யார் யாருக்குச் சம்பந்தி, எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் வரப்புத் தகராறு, யாருடைய மொய் இன்னும் திரும்பவில்லை என்பதெல்லாம் குழு தொடங்கும் முன்பே அவர்களுக்குத் தெரியும். ஆகவே மோதல் இரண்டாம் கட்டத்தில் புதிதாகப் பிறப்பதில்லை. அது உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, பணம் வந்த அன்று வாய் திறக்கிறது.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கார்லண்டு, ஜோன்ஸ், கோலோட்னி மூவரும் அதே 1965இல் வேறொரு வரிசை சொன்னார்கள். அவர்களுடைய இரண்டாம் கட்டத்துக்கு அதிகாரமும் கட்டுப்பாடும் என்று பெயர். உங்கள் குழுவுக்கு இதுதான் பொருந்தி வருகிறது என்று நினைக்கிறேன். நோட்டு யார் கையில், ஓலையை யார் பங்கிடுகிறார், தரம் சரியில்லை என்று ஒரு கொட்டானைத் தள்ளி வைக்கும் உரிமை யாருக்கு? இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால், சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு பேர் எங்கே உட்காருவார்கள்? கூட்டம் எங்கே நடக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே சொல்ல விரும்பவில்லை.

---

தேவகோட்டை_அக்கா

நான் படித்தவள் இல்லை. குழுவில் ஊக்குநராக இருந்து, அப்புறம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் பொருளாளராக இருந்தவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஊக்குநரை வில்லி ஆக்கிவிடாதீர்கள். பேங்குக்குப் போவது, மகளிர் திட்ட ஆபீசுக்குப் போவது, நோட்டு எழுதுவது, ஆர்டர்காரரிடம் பேசுவது எல்லாம் அவள் தலையில்தான். பஸ் காசு கேட்டால், "அவ எடுத்துக்கிறா" என்பார்கள். கேட்காவிட்டால் வீட்டில் திட்டு. நோட்டைக் கீழே வைத்தாளே, அது திமிர் இல்லை, களைப்பு.

கணக்கு விஷயத்தில் எங்கள் குழுவில் செய்ததைச் சொல்கிறேன். கூட்டம் தொடங்கியதும் போன வாரக் கணக்கை உரக்கப் படிப்போம். ஊக்குநர் படிக்கக் கூடாது, முறை வைத்து ஒவ்வொருவராகப் படிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் படிப்பார்கள். நேரம் ஆகும், ஆகட்டும். ஒருத்தி தன் வாயால் "வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு" என்று படித்துவிட்டால், வெளியே போய் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்ல முடியாது. பணப் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று வீட்டில் சாவி. மூன்று பேரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டிய அவசியமே இல்லாமல் போகும்.

ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் சுழற்சியில் மாற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. பல குழுக்களில் தொடங்கிய நாள் முதல் ஒரே ஆள்தான். மற்றவர்களுக்கும் அது வசதி, பொறுப்பு இல்லையே. சண்டை வரும்போது மட்டும்தான் மாற்ற வேண்டும் என்பது நினைவுக்கு வருகிறது. அப்போது மாற்றினால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும். இப்போதே அவளை இறக்காதீர்கள். முதலில் வேலையைப் பிரியுங்கள். நோட்டு ஒருத்தி, ஓலை ஒருத்தி, தரம் பார்க்க ரெண்டு பேர்.

---

களப்பணி_மாணவி

நடைவண்டி ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும்போதுதான் விஷயம் எனக்கே தெளிவாகிறது. பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய செட்டியார் வீட்டின் முகப்புத் திண்ணையில்தான் கூட்டம். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். ஊக்குநர் அக்காவின் கணவர்தான் அந்த வீட்டுக்குக் காவல், சாவி அவரிடம்.

வராமல் நின்ற இரண்டு பேரும் காலனித் தெருவைச் சேர்ந்தவர்கள். மற்ற 12 பேரும் திண்ணையில் உட்காருவார்கள். இவர்கள் கீழே படியில். "மேலே வாங்கக்கா" என்று கூப்பிட்டிருக்கிறேன். "இங்கனயே காத்து நல்லா வருதும்மா" என்பார்கள். யாரும் ஏறக் கூடாது என்று சொன்னதில்லை, ஏறச் சொன்னதும் இல்லை.

---

கண்மாய்க்கரை

இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். இது மோதல் கட்டமும் இல்லை, அதிகாரக் கட்டமும் இல்லை. இரண்டு பெண்கள் படியில் உட்கார்ந்து குழுவில் இருந்தார்கள். காசு விஷயத்திலும் படியிலேயே நிறுத்தப்பட்டதும் எழுந்து போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

நம் பகுதிக்கு இது புதிதா? கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி என்று நாலு நாட்டார், அதாவது நாலு ஊர்த் தொகுதிக்காரர்கள், கூடி ஆனியில் இழுக்கும் தேர். பட்டியல் சாதி மக்களுக்கும் வடம் பிடிக்கும் உரிமை வேண்டும் என்ற கேள்வி எழுந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. தேர் பல ஆண்டுகள் நிலையை விட்டு நகரவே இல்லை. கடைசியில் 2024 ஜூனில்தான் போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து செய்யும் ஒரு வேலை. அதில் எல்லோரும் எப்படி ஒத்துழைக்கிறார்கள் என்பதை விட, கயிற்றைத் தொட யாருக்கு அனுமதி என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது.

குழு இயக்கம் பற்றி எழுதும்போது நாம் இந்த முதல் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறோம். பங்கேற்பு, தலைமை, தகவல் பரிமாற்றம் என்று வார்த்தைகள் அடுக்குகிறோம். வருகைப் பதிவேட்டில் 14 கையெழுத்து இருக்கிறது. திண்ணையில் 12 பேர்தான் இருந்தார்கள். பதிவேடு பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையையும் சொல்லவில்லை.

தங்கச்சி, "மேலே வாங்கக்கா" என்று நீங்கள் கூப்பிட்டது நல்ல மனசு. ஆனால் அவர்கள் ஏறினால், நீங்கள் கிளம்பிய பிறகு அந்தத் தெருவில் வாழப் போவது அவர்கள்தான். அவர்களைத் தைரியசாலிகள் ஆக்கும் பொறுப்பை அவர்கள் தலையிலேயே வைக்காதீர்கள். இடத்தை மாற்றுங்கள்.

---

நடைவண்டி

கண்மாய்க்கரை தம்பி சொன்னது சரி. இந்தச் செய்தி வந்த பிறகு பிரச்சினை இரண்டாகப் பிரிகிறது. கூலிக் கணக்கு ஒன்று, உட்காரும் இடம் இன்னொன்று. முதலாவதைக் குழுவே பேசித் தீர்க்கும், நாம் பொறுமையாக இருந்தால் போதும். இரண்டாவதைக் குழுவிடமே விட்டால் பெரும்பான்மை என்ன நினைக்கிறதோ அதுதான் தீர்மானமாகும். அங்கே சமூகப் பணியாளர் நடுநிலையாக நிற்பது என்றால் திண்ணையின் பக்கம் நிற்பது என்று அர்த்தம்.

இன்னொன்று. எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்து டீயும் வடையும் கொடுத்தால் இளகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். முசாபர் ஷெரீப் 1954இல் ஓக்லஹோமாவில் ஒரு முகாம் நடத்தினார். 22 சிறுவர்கள், இரண்டு அணிகள். போட்டி வைத்ததும் பகை வளர்ந்தது. சேர்ந்து சாப்பிட வைத்துப் பார்த்தார், படம் போட்டுப் பார்த்தார். சாப்பாட்டை எடுத்து எறிந்துகொண்டதுதான் மிச்சம். குடிதண்ணீர் வரும் வழி அடைத்துக்கொண்டபோதும், சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றபோதும்தான் இரண்டு அணியும் கைகோத்தன. தனியாக முடியாத ஒரு காரியம் இருந்தால் சேர்வார்கள்.

ஆனால் அந்தச் சிறுவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அணி பிரித்தது ஆய்வாளர். இங்கே அணி பிரித்தது பல நூறு வருடப் பழக்கம். அதனால் பொது வேலை தேவைதான், அதில் இருவருடைய நிலையும் சமமாக இருக்க வேண்டும் என்பது அதைவிடத் தேவை. காலனித் தெருப் பெண்கள் ஓலை சுமந்து வர, திண்ணைப் பெண்கள் முடைந்து விலை பேசினால், அதுவும் பொது வேலைதான். அது வேண்டாம்.

---

வகுப்பறைக்கு_வெளியே

குழுப்பணி பாடம் நடத்துகிறவள். மாணவியின் முதல் பதிவில் எல்லோரும் கடந்து போன ஒரு வரி இருக்கிறது: "எல்லாவற்றையும் என்னிடமே சொல்கிறார்கள்." எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

14 பேர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பார்த்தால் 91 உறவுகள். அத்தனையும் வற்றிப்போய் ஒவ்வொருவரும் பணியாளரை மட்டும் பார்த்துப் பேசினால், அங்கே குழு இல்லை, 14 தனிநபர் பணி நடக்கிறது. வில்லியம் ஷ்வார்ட்ஸ் 1960களில் இதை அழுத்திச் சொன்னார். உறுப்பினர்களுக்கு ஒருவருக்கொருவர் தேவை இருக்கிறது, அந்தத் தேவை நிறைவேறும்படி இடையில் நின்று வழிவிடுவதுதான் பணியாளரின் வேலை என்றார். இனிமேல் யாராவது உங்களைப் பார்த்து, "அவ சாயக் கூலி கேக்குறா பாருங்க" என்றால், "அதை அவங்ககிட்டயே சொல்லுங்கக்கா, எதிர்லதானே இருக்காங்க" என்று சொல்லிப் பழகுங்கள். கஷ்டமாக இருக்கும். நடுவராக இருப்பதில் ஒரு சுகம் உண்டு, அதை விட வேண்டும்.

ஊக்குநரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் மூவரும் 1939இல் வெளியிட்ட ஆய்வு பத்து வயதுச் சிறுவர்களின் கழகங்களைப் பற்றியது. முகமூடி செய்வது போன்ற கைவேலைகள். அதிகாரத் தலைவர் அறையில் இருந்தவரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே போனதும் கை நின்றது. கலந்து பேசி முடிவெடுத்த குழுவில் தலைவர் போனாலும் வேலை ஓடியது. மாணவி ஒரு நாள் கவனித்துப் பார்க்கட்டும், ஊக்குநர் காரைக்குடிக்குப் போயிருக்கும் நாளில் கொட்டான் முடைகிறார்களா, கலைந்து போகிறார்களா? குழுவின் பலத்தை அறிய இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

"சிலர் சும்மா இருந்துவிட்டுப் பங்கு வாங்குகிறார்கள்" என்ற குறை இந்தக் குழுவிலும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். பிரான்சு நாட்டு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் கயிறு இழுக்க வைத்து அளந்தார். 1913இல் வெளியான அவருடைய கணக்குப்படி எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுப்பதில் பாதி அளவுக்குத்தான் இழுத்தார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று மட்டும் படிக்கக் கூடாது. இழுப்பு ஒரே நேரத்தில் சேராமல் போவதும் ஒரு காரணம். தன் உழைப்பு யார் கண்ணுக்கும் தெரியாது என்ற நினைப்பு இன்னொரு காரணம். யார் எத்தனை முடைந்தார் என்பது தெரிந்தால் இரண்டாவது காரணம் பெருமளவு போய்விடும்.

அப்புறம் மொரேனோவின் முறையையும் முயன்று பார்க்கலாம். ஒவ்வொருவரிடமும் தனியாக, "யாரோட பக்கத்துல உக்காந்து முடைய உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டு, வட்டமும் அம்புக்குறியுமாக வரைந்து பாருங்கள். அம்பே வராத வட்டம் யாருடையது என்று தெரியும். அந்தத் தாளை உங்கள் பையை விட்டு வெளியே எடுக்காதீர்கள். ஊரில் ஒரு கண் பட்டாலும் பெரிய புண்ணாகிவிடும்.

---

பெயர்_வேண்டாம்

நான் சமூகப் பணியாளன் இல்லை. குடிநோயிலிருந்து மீண்டவன், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குத் தொடர்ந்து போகிறவன். உள்ளே இருந்து ஒரு குழு எப்படித் தெரியும் என்று சொல்லலாம் என்று தோன்றியது.

1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது இது. இரண்டு பேருமே குடிநோயாளிகள். ஒருவர் மற்றவருக்கு வைத்தியம் பார்க்கவில்லை, தன் கதையைச் சொன்னார், அவ்வளவுதான். இன்றைக்கும் எங்கள் கூட்டத்தில் அதுதான் நடக்கிறது. கூட்டத்தை நடத்துகிறவர் மாறிக்கொண்டே இருப்பார். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். வெளியாரிடமிருந்து நன்கொடை வாங்குவதில்லை, டீச் செலவுக்கு நாங்களே தொப்பியில் போடுகிறோம்.

நான் முதலில் போனபோது கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், வாயே திறக்காமல் இருந்தேன். யாரும் என்னை முன்னால் வரச் சொல்லவில்லை. என்னைப் போலவே இன்னொருத்தன் பொண்டாட்டி தாலியை அடகு வைத்துக் குடித்ததைச் சொன்னான். நான் மட்டும் இல்லை என்று தெரிந்த அந்த நிமிஷம்தான் எனக்கு மருந்து. இர்வின் யாலோம் என்ற மனநல மருத்துவரும், குழுவில் ஆட்கள் குணமாவதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லியிருக்கிறார் என்று பின்னால் ஓர் ஆலோசகர் சொன்னார்.

ஆனால் கவனியுங்கள், என் கடைசி வரிசையை நான் தேர்ந்தெடுத்தேன். அந்த அக்காமார் படியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அமைதியாக இருப்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக அமைதியாக இல்லை.

---

பழைய_வங்கிக்காரர்

வங்கிப் பக்கத்திலிருந்து சுருக்கமாக. 1992இல் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி நபார்டு 500 குழுக்களோடு வங்கி இணைப்பைச் சோதனையாகத் தொடங்கியபோது, ஈடில்லாமல் கடனா என்று எங்களில் பலர் தயங்கினோம். உறுப்பினர் எண்ணிக்கை 20க்கு மேல் போகக் கூடாது என்று வைத்ததற்குக் காரணம் 1956ஆம் ஆண்டுக் கம்பெனி சட்டம். அதற்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டியிருந்தது. முகம் பார்த்துப் பேசும் அளவுக்கு அந்த எண் பொருந்தியது நல்லதாகப் போயிற்று.

தர மதிப்பீட்டில் நாங்கள் பார்ப்பது கூட்டம் தவறாமல் நடந்ததா, சேமிப்பு வந்ததா, உள்கடன் திரும்பியதா, நோட்டு சரியாக இருக்கிறதா என்பதைத்தான். இவை எல்லாம் சரியாக இருந்தும் குழு உள்ளுக்குள் செத்துப் போயிருக்கலாம். எனவே மதிப்பெண் நன்றாக இருக்கிறது என்று மேற்பார்வையாளர் சொன்னால், அது கடனுக்குப் போதும், உங்கள் வேலைக்குப் போதாது.

---

பள்ளத்தூர்_ஆச்சி

கொட்டான் முடையத் தெரிந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் சண்டையில் பாதி அந்த வேலையிலேயே இருக்கிறது.

சின்னக் கொட்டானுக்கு ஓலை குறைவு, ஆனால் நார் மெல்லிசாகக் கிழிக்க வேண்டும், கை நோகும், கண்ணும் எரியும். பெரிய கொட்டானுக்கு ஓலை நிறைய, முடைவது சுலபம், பார்வைக்குப் பெரிசு. மணி கோத்து லேஸ் வைக்கிற வேலை தனி. சாயம் காய்ச்சுகிறவளுக்கு நாள் முழுக்க அடுப்படி வெக்கை, அன்றைக்கு அவள் ஒரு கொட்டான்கூட முடைய முடியாது. இத்தனை வேலைக்கும் உருப்படிக்கு ஒரே கூலி என்று வைத்தால் யாராவது ஒருத்தி நிச்சயம் நஷ்டப்படுவாள். எந்த அளவை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதிலேயே ஓரவஞ்சனை வந்துவிடும், கொடுப்பவள் நல்லவளாக இருந்தாலும்.

அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் பெண் கல்யாணத்துக்கு ஆச்சிமார் கூடி முடைவார்கள். அங்கே கூலிப் பேச்சே கிடையாது, அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் போய் முடைவோம். இப்போது அது வேலை, சம்பளம். நியாயமாகத்தான் நடக்க வேண்டும். ஒரு நாள் எல்லோரையும் எல்லா அளவும் முடையச் சொல்லி, எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். கூலியை அவர்களே நிர்ணயிக்கட்டும்.

---

குன்றக்குடியான்

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். எல்லோரும் குழுவைக் காப்பாற்றுவதிலேயே இருக்கிறீர்கள். அந்த இரண்டு பெண்களுக்கு இந்தக் குழு வேண்டுமா என்று யாராவது கேட்டோமா? அவர்களுக்கு வேறு குழு வேண்டும் என்றால், அல்லது குழுவே வேண்டாம் என்றால், அதுவும் சரிதான். மாணவியின் களப்பணி அறிக்கை அழகாக முடிவதற்காக அவர்கள் மறுபடியும் வந்து உட்கார வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் குன்றக்குடி அடிகளார் கிராமத் திட்டம் போட்டபோது கூட்டுறவுச் சங்கங்களை ஏற்படுத்தி, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளையும் ஊருக்குள் கூட்டிவந்தார். தொழில் வந்த பிறகுதான் ஆட்கள் சேர்ந்தார்கள். சேர்வதால் தனக்கு என்ன என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. அதைக் கேட்பது சுயநலம் இல்லை.

---

கண்மாய்க்கரை

குன்றக்குடியான் அண்ணனின் கேள்வி நியாயம், கேட்க வேண்டியதுதான். ஆனால் தனிக் குழு என்று சுலபமாக எழுதிவிட முடியாது. ஆர்டர் கொடுக்கிறவர்கள், பேங்க், சாயப் பாத்திரம் எல்லாம் இந்தக் குழுவோடு இருக்கிறது. பிரிந்தால் இரண்டு பேர் வெறுங்கையோடு பிரிவார்கள். விருப்பம் என்ன என்று கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

---

தேவகோட்டை_அக்கா

புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்காக அறிவொளி இயக்கம் நடந்ததை இங்கே யாரும் சொல்லவில்லை. 1991இல் ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டராக இருந்தபோது. எங்கள் சொந்தக்காரர்கள் ஊரில் எல்லாம் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். படிக்கப் போன இடம் பொது இடம், மைதானம். யார் வீட்டுத் திண்ணையும் இல்லை. விழுந்து எழுந்து பழகும்போது பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள் எந்தத் தெரு என்று பார்க்க முடியாது. கற்றவள் அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். இடம் முக்கியம்மா.

---

களப்பணி_மாணவி

நீங்கள் எல்லோரும் எழுதியதை அச்செடுத்து வைத்துப் படித்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த இரண்டு அக்காக்களையும் அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். திரும்ப வாருங்கள் என்று கேட்கவில்லை, என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். ஆர்டர் முழுக்கத் தங்களுக்குச் சின்னக் கொட்டானே கொடுத்ததாகச் சொன்னார்கள். ஆச்சி சொன்னது அப்படியே.

கூட்டம் இப்போது ஊராட்சிக் கட்டடத்தில் நடக்கிறது. இடம் மாற்றும் யோசனையை நான்தான் வைத்தேன், குழுவின் முடிவுக்கு விடவில்லை. திண்ணையில் இருந்தவர்களில் மூன்று பேருக்கு இது பிடிக்கவில்லை, நேராகவே சொன்னார்கள். எல்லோரும் சிமெண்டுத் தரையில் வட்டமாக உட்காருகிறோம். கணக்கை முறை வைத்துப் படிக்கிறார்கள். கூலியை நிர்ணயிக்க எல்லா அளவும் முடைந்து பார்த்தோம், சாயம் காய்ச்சும் நாளுக்குத் தனிக் கூலி என்று தீர்மானம் எழுதினோம். அன்றைக்கு நடந்த சத்தம் கட்டடத்துக்கு வெளியே கேட்டிருக்கும். ஊக்குநர் அக்கா அழுதார், கூடவே கத்தவும் செய்தார். ஆனால் யாரும் என்னைப் பார்த்துப் பேசவில்லை, அவர்களுக்குள்தான் பேசினார்கள்.

இரண்டு பேரில் ஒருவர் திரும்ப வந்துவிட்டார். இன்னொருவர் வர மாட்டேன் என்கிறார், உறுதியாக. ஏப்ரலோடு என் களப்பணி முடிகிறது. அதற்குள் அவரை எப்படியாவது அழைத்து வருவதா? நான் கிளம்புவதை எப்போது சொல்வது?

---

வகுப்பறைக்கு_வெளியே

கிளம்புவதை இப்போதே சொல்லுங்கள். பிரிவும் ஒரு கட்டம்தான், கடைசி நாளில் மாலை போட்டு முடிக்கும் விஷயமில்லை. தேதியைச் சொன்னதும் சிலர் பழைய சண்டையைத் திரும்பக் கிளப்புவார்கள், சிலர் கூட்டத்துக்கு வராமல் இருப்பார்கள். நீங்கள் இல்லாமல் முடியாது என்று காட்டுவது அது. பயப்படாதீர்கள். ஊராட்சிக் கட்டடத்தில் தொடர்ந்து கூடுவதற்கான அனுமதி எழுத்தில் இருக்கட்டும், உங்கள் வாய்ச்சொல்லில் நிற்க வேண்டாம். கூட்டமைப்பிலிருந்து ஒருவரைக் கூட்டத்துக்கு வரவழைத்து அறிமுகம் செய்யுங்கள். கடைசிக் கூட்டங்களில் நீங்கள் வட்டத்துக்கு வெளியே உட்காருங்கள்.

---

தேவகோட்டை_அக்கா

வர மாட்டேன் என்கிற அக்காவை வற்புறுத்தாதே கண்ணு. அவள் சேமிப்பு எவ்வளவு, வட்டியில் அவள் பங்கு எவ்வளவு, அந்த ஆர்டரில் சின்னக் கொட்டானுக்குக் குறைத்துக் கொடுத்த கூலி புதுக் கணக்குப்படி எவ்வளவு பாக்கி என்று கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல். தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். ஊக்குநரும் இன்னொருத்தியும் அவள் வீட்டுக்கே போய்ப் பணத்தைக் கையில் கொடுத்து, ரசீது வாங்கி வரட்டும். நீ போக வேண்டாம்.